மரபணுச் சோதனையும் வரவு செலவும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், முதலில் கேட்கும்போது தோட்டப்புறத்துக்குத் தொலைவானதாகத் தோன்றலாம். குற்ற வழக்குகளில் மரபணுச் சோதனை, அதாவது டி.என்.ஏ. சோதனை செய்வதற்கு எவ்வளவு செலவாகிறது, அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள், பணம் போதாமற் போனால் என்ன நடக்கிறது என்பதே அது. 'இது போலீசாரும் அமைச்சும் பார்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு, நமக்கு எதற்கு?' என்று சிலர் எண்ணலாம். எங்களுக்கு அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு தாய்.

நாங்கள் டெங்கில் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியப் பணி செய்து வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, பள்ளி விட்ட பிறகு, அந்தத் தாய் எங்களைத் தேடி வந்தார். அவருடைய மகளுக்கு ஒரு கொடுமை நேர்ந்திருந்தது. அதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. போலீசில் புகார் செய்தாயிற்று. மருத்துவமனைக்கும் போய் வந்தாயிற்று. ஆனால் போவதற்கு முன், பிள்ளை அழுகிறாளே என்று அவளைக் குளிப்பாட்டி, அவள் போட்டிருந்த துணியைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப் போட்டிருக்கிறார். நாள்கள் கடந்தன. சோதனை அறிக்கை வரவில்லை. அவர் எங்களிடம் கேட்டார்:

"டீச்சர், நான் துவைச்சது தப்பாப் போச்சா? சோதனைக்கு நாங்க ஏதும் காசு கட்டணுமா? டிவி படத்துல ஒரே ராத்திரியில கண்டுபிடிச்சிடறாங்களே, இங்க மட்டும் ஏன் மாசக்கணக்கா இழுக்குது?"

மூன்றும் நல்ல கேள்விகள். அன்று அவருக்கு நாங்கள் சொன்ன பதில் அரைகுறையானது. அதன் பிறகு படித்தும் கேட்டும் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் மரபணு என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். நம் உடல் கோடானுகோடி நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. இரத்தம், எச்சில், முடியின் வேர், தோல் ஆகியவற்றின் உயிரணுக்களுக்குள்ளே, தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியுமாக வந்த ஒரு நீண்ட குறிப்பு இருக்கிறது. அதுவே டி.என்.ஏ. மனிதர் எல்லாருக்கும் அதன் பெரும்பகுதி ஒரே மாதிரிதான். சில இடங்களில் மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடும். சோதனைக்கூடத்தில் அந்தச் சில இடங்களை அளந்து எண்களாக எழுதுகிறார்கள்.

தோட்டத்து மக்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் வகையை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். ஒட்டுக் கட்டி வளர்த்த அந்த மரங்களின் மேற்பகுதி எல்லாம் ஒரே தாய் மரத்தின் வழி வந்தவை. ஆயிரம் மரம் இருந்தாலும் மரபணு ஒன்றுதான். மனிதர் அப்படியல்லர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரைத் தவிர, ஒருவருக்கு இருப்பது போல் இன்னொருவருக்கு அமைவதில்லை.

இந்த வேறுபாட்டைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம் என்பதை 1984-ஆம் ஆண்டு செப்டம்பரில் கண்டறிந்தவர் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக் ஜெஃப்ரீஸ் என்ற அறிஞர். அந்த வட்டாரத்துக் கிராமங்களில் 1983-லும் 1986-லும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டிருந்தனர். 17 வயது இளைஞன் ஒருவன், இரண்டாவது கொலையைத் தானே செய்ததாகப் போலீசாரிடம் ஒப்புக்கொண்டான். சோதித்துப் பார்த்தபோது இரண்டு கொலைகளையும் செய்தவன் ஒருவனே என்றும், அவன் இந்த இளைஞன் அல்லன் என்றும் தெரிந்தது. அதன் பின் 1987-இல் அந்த வட்டாரத்து ஆண்கள் ஏறத்தாழ 5,000 பேரிடம் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். உண்மைக் குற்றவாளி தனக்குப் பதிலாக வேறொருவரைக் கொடுக்கச் செய்து தப்பப் பார்த்தான். அதுவும் வெளிப்பட்டு, 1988 ஜனவரியில் தண்டனை பெற்றான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கொலை வழக்கில் இந்தச் சோதனை செய்த முதல் வேலை, ஒருவனைப் பிடித்ததன்று. குற்றமற்ற ஒருவனைக் காப்பாற்றியது. சந்தேகத்தின் பேரில் பிடிபட்டு லாக்கப்பில் இருக்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் உண்டு. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத வீட்டுப் பையனுக்கு, ஒழுங்காகச் செய்த ஒரு சோதனை பெரிய துணை. எனவே இந்தச் செலவு, துன்பப்பட்டவருக்கும் வேண்டும். பழி சுமத்தப்பட்டவருக்கும் வேண்டும்.

நம் நாட்டிலும் இது புதியதன்று. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் கிள்ளானில் ஓர் இளம் பெண் பொறியாளர் பஸ்ஸில் சென்றபோது கொடூரமாகக் கொல்லப்பட்டார். அப்போது நாங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். விடுதியிலிருந்து வீட்டுக்குப் போகப் பஸ்ஸில் ஏறவே பயந்த நாள்கள் அவை. அந்த பஸ்ஸின் ஓட்டுநர் மீதான வழக்கு ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் நடந்து, 2002-இல் தீர்ப்பாயிற்று. அதில் அரசாங்கத் தரப்பின் முக்கியத் தூண்களுள் ஒன்று மரபணுச் சான்று.

சரி, அந்தத் தாயின் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்வோம். காசு கட்ட வேண்டுமா? குற்ற வழக்கில் போலீசார் அனுப்பும் பொருளைச் சோதிக்க, புகார் செய்த குடும்பம் கட்டணம் கட்டுவதில்லை. பிள்ளையின் தந்தை யார் என்று சொந்தத் தேவைக்காகச் செய்துகொள்ளும் சோதனை வேறு. அதற்குக் கட்டணம் உண்டு. குற்ற வழக்குக்கான செலவு அரசாங்கத்துடையது. அரசாங்கத்துடையது என்றால் வரி கட்டும் நம் எல்லாருடையதும் என்பதே பொருள்.

அப்படியானால் எதற்கெல்லாம் செலவாகிறது? ஒரு துணியின் பயணத்தைப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

ஒரு சம்பவ இடத்துக்குப் போகும் போலீசாருக்குக் கையுறை வேண்டும். தடயத்தைத் தொட்டெடுக்கும் பஞ்சுக் குச்சி வேண்டும். காகிதப் பை வேண்டும். ஏன் காகிதப் பை? பிளாஸ்டிக் பையில் ஈரம் வெளியேறாமல் பூஞ்சணம் பிடிக்கும், மரபணு கெட்டுவிடும். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே கட்டி, முத்திரையிட்டு, எண் எழுத வேண்டும். இவற்றைச் சரியாகச் செய்யப் பயிற்சி வேண்டும்.

பிறகு பதிவேடு. பொருள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், கையொப்பம் வேண்டும். இடையில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும், 'வழியில் யாரோ மாற்றிவிட்டார்கள்' என்று நீதிமன்றத்தில் கேள்வி எழும். செக்ரோலில் ஒரு நாள் பெயர் விடுபட்டால் மாதச் சம்பளம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும் அல்லவா? அதே கணக்குத்தான் இதுவும்.

அடுத்தது சேமிப்பு. சில மாதிரிகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். துணிகளை ஈரமில்லாத அறையில் வைக்க வேண்டும். மின்சாரம் இரவு பகலாக ஓட வேண்டும். இது ஒரு நாள் செலவன்று. வழக்கு முடியும் வரை உள்ள செலவு.

அதன் பின் சோதனைக்கூடம். டெங்கில் போலீஸ் நிலையம் சிப்பாங் மாவட்டத்தைச் சேர்ந்தது. நம் பக்கத்து வழக்குகளில் போலீசார் கைப்பற்றும் பொருள்களை அறிவியல் முறையில் சோதிப்பது பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் கொண்ட ஜபாத்தான் கிமியா, அதாவது மலேசிய இரசாயனத் துறை. அங்கே ஆய்வாளர் முதலில் துணியை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக் கறை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார். கறையிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கிறார். எவ்வளவு கிடைத்தது என்று அளக்கிறார். கிடைப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆகவே ஓர் இயந்திரத்தில் வைத்துச் சூடாக்கியும் ஆறவைத்தும், ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காக, நான்கை எட்டாகப் பெருக்குகிறார்கள். இப்படி ஏறத்தாழ 30 சுற்று. அதன்பின் இன்னோர் இயந்திரம் அவற்றைப் பிரித்து எண்களாகக் காட்டுகிறது. ஓர் ஆய்வாளர் படித்ததை இன்னோர் ஆய்வாளர் மறுபடி படித்துச் சரிபார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஒரு வெறும் குப்பியையும், விடை முன்பே தெரிந்த ஒரு மாதிரியையும் கூடவே வைத்துச் சோதிப்பார்கள். வெறும் குப்பியில் ஏதேனும் தெரிந்தால், எங்கோ கலப்படம் நேர்ந்துவிட்டது என்று பொருள். வெறும் குப்பிக்கும் அதே கரைசல்தான் செலவாகிறது. கணக்குப் பார்ப்பவருக்கு இது வீண் செலவாகத் தோன்றலாம். ஆனால் அந்த வெறும் குப்பிதான் ஒரு நிரபராதியைச் சிறைக்குப் போகாமல் காக்கிறது.

கரைசல்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. அவற்றுக்குக் காலாவதி நாள் உண்டு. நம் வெள்ளியின் மதிப்பு இறங்கினால் அவற்றின் விலை நமக்கு ஏறும். இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு உண்டு. எல்லாம் முடிந்து அறிக்கை எழுதிய ஆய்வாளர், வழக்கு நாளன்று நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போக வேண்டும். அவர் கூண்டில் நிற்கும் நாளில் அவருடைய மேசையில் வேலை நிற்கும்.

இத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு சோதனையின் விலை. டிவி படத்தில் நாம் பார்ப்பது இயந்திரத்தை மட்டும். அந்த இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் அறையும் ஆளும் வரிசையும் படத்தில் வருவதில்லை.

நம் அரசாங்கத்தின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் செலவுகளை இரண்டு பெரும் பிரிவாகப் பிரிக்கிறார்கள். ஒன்று மேம்பாட்டுச் செலவு. கட்டடம், பெரிய இயந்திரம் போன்றவற்றுக்கானது. மற்றது நிர்வாகச் செலவு. சம்பளம், மின்சாரம், கரைசல், பழுது பார்த்தல் போன்ற அன்றாடச் செலவு. மேம்பாட்டுச் செலவுக்குத் திறப்பு விழா உண்டு, மாலை உண்டு, பத்திரிகையில் படம் உண்டு. குளிர்பதனப் பெட்டியின் மின்சாரக் கட்டணத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை.

வீட்டில் நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டோம். பெட்ரோல், டயர், எண்ணெய் மாற்றுதல், சாலை வரி ஆகியவற்றுக்கு மாதக் கணக்கில் இடம் வைக்கவில்லை. வண்டி இருந்தும் நடந்துதான் வேலைக்குப் போவோம். சோதனைக்கூடமும் அப்படியே. வாங்கிய பணம் ஒரு முறை. ஓட்டும் பணம் ஒவ்வொரு மாதமும்.

இனி அந்தத் தாயின் மூன்றாவது கேள்வி: ஏன் இழுக்கிறது? இதற்கு நாம் வகுப்பறையில் போடுவது போல ஒரு கணக்குப் போடுவோம். ஓர் உதாரணத்துக்கு, ஒரு சோதனைக்கூடத்துக்கு மாதம் 100 வழக்குப் பொருள்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அங்கே உள்ள ஆட்களால் மாதம் 80 மட்டுமே முடிக்க முடிகிறது. மாதம் 20 மிச்சம். ஓராண்டில் 240 தேங்கிவிடும். இப்போது புதிதாக வரும் ஒரு பொருள், தன் முறை வர 240-ஐ 80-ஆல் வகுத்தால் கிடைக்கும் 3 மாதம் காத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு முடிவில் 6 மாதம். அங்கே யாரும் சோம்பி உட்காரவில்லை. ஒவ்வொருவரும் நாள் முழுதும் வேலை செய்கிறார்கள். இருந்தும் வரிசை நீள்கிறது.

செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பழுத்த குலையை வெட்டினால் காலம் தாழ்த்தாமல் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆலையால் அரைக்க முடிவதற்கு மேல் லொறிகள் வந்து வாசலில் நின்றால், குலை கிடந்து புளித்து எண்ணெயின் தரம் கெடும். அன்று மட்டும் கூடுதல் நேர வேலை கொடுத்து வாசலைக் காலி செய்யலாம். ஆனால் ஆலையின் அளவைக் கூட்டாவிட்டால் அடுத்த வாரம் லொறிகள் மறுபடி நிற்கும். அதுபோலவே தேங்கிய 240-ஐ முடிக்க ஒரு முறை சிறப்பு நிதி கொடுத்தால் போதாது. மாதம் 80 என்பதை 100 ஆக்க நிரந்தரமாக ஆளும் கரைசலும் வேண்டும். தேங்கியதைத் தீர்க்க ஒரு பணம். மறுபடி தேங்காதிருக்க இன்னொரு பணம். இரண்டும் வேறு வேறு என்பதைத் திட்டம் போடுவோர் உணர வேண்டும்.

உணராமற்போனால் என்ன ஆகும்? பணக்கார நாடான அமெரிக்காவில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறோம்.

முதலாவது ஹூஸ்டன் நகரம். அந்நகரின் போலீஸ் துறை தன் சொந்தச் சோதனைக்கூடத்தை வைத்திருந்தது. நகரமோ செல்வம் நிறைந்த எண்ணெய் நகரம். ஆனால் சோதனைக்கூடத்துக்கு ஆண்டுக்கணக்கில் போதிய பணம் தரப்படவில்லை. ஆய்வாளர்களுக்குச் சம்பளம் குறைவு; பயிற்சி குறைவு; மரபணுப் பிரிவுக்குத் தகுதி பெற்ற மேற்பார்வையாளர் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கூரை ஒழுகியது! மழைநீர் சான்றுப் பொருள்களின் மேலேயே சொட்டியது. ஒழுகும் கூரையின் கீழ் வாளி வைத்துப் படுத்த லயத்து மக்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. 2002 டிசம்பரில் வெளியார் வந்து தணிக்கை செய்த பின், அந்த மரபணுப் பிரிவையே மூட வேண்டியதாயிற்று.

அதற்குள் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. 16 வயதில் கைதான ஒரு பையனுக்கு, அந்தக் கூடத்தின் தவறான அறிக்கையை நம்பி 1999-இல் 25 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. 2003-இல் மறுசோதனை செய்ததில் தடயம் அவனுடையதன்று என்று தெரிந்து விடுதலையானான். அதற்குள் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் கம்பிக்குள் கழிந்துவிட்டன. கூரையைப் பழுது பார்க்காமல் மிச்சம் பிடித்த பணத்தோடு இதை வைத்து எடை போட்டுப் பாருங்கள். பின்னர் அந்நகரம், சோதனைக்கூடத்தைப் போலீசாரின் கையிலிருந்து எடுத்துத் தனி அமைப்பிடம் ஒப்படைத்தது. 2015-இல், சோதிக்காமல் கிடந்த 6,600-க்கும் மேற்பட்ட பெட்டிகளைச் சோதித்து முடித்ததாக அறிவித்தது. அவற்றில் ஏறத்தாழ 850 தரவு வங்கியில் இருந்த குறிப்புகளோடு பொருந்தின.

இரண்டாவது டெட்ராய்ட் நகரம். 2009-ஆம் ஆண்டு அங்கே போலீசாரின் கிடங்கு ஒன்றில், பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களிடமிருந்து மருத்துவமனைகளில் எடுத்த சான்றுப் பெட்டிகள் 11,000-க்கும் மேல் சோதிக்கப்படாமல் அடுக்கிக் கிடக்கக் கண்டார்கள். சில பெட்டிகள் 1980-களைச் சேர்ந்தவை. ஒரு பெட்டியைச் சோதிக்க ஏறத்தாழ 1,000 முதல் 1,500 டாலர் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். 11,000-த்தை 1,000-த்தால் பெருக்கிப் பாருங்கள். 1 கோடியே 10 இலட்சம் டாலர்! நகரமோ 2013-இல் திவாலானது. மாநிலத்தின் உதவியோடு பொதுமக்களின் நன்கொடையும் சேர்ந்தே அந்தப் பெட்டிகள் திறக்கப்பட்டன. திறந்தபோது தெரிந்தது என்ன? 800-க்கும் மேற்பட்டோர், ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களைக் கெடுத்த தொடர் குற்றவாளிகள் என்று சந்தேகிக்க இடமிருந்தது. முதல் பெட்டியை உரிய காலத்தில் சோதித்திருந்தால் இரண்டாவது பெண் தப்பியிருப்பாள் அல்லவா?

அங்கே காரணத்தை ஆராய்ந்தவர்கள் பணக்குறையை மட்டும் சொல்லவில்லை. புகார் கொடுத்த பெண்களின் சொல்லை நம்பாத மனப்போக்கும் பெட்டிகள் கிடந்ததற்குக் காரணம் என்றார்கள். பணம் மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்து விடாது. அதே போல, சோதனைக்குப் பணம் கொடுத்துவிட்டு, பொருத்தம் கிடைத்தபின் ஆளைத் தேடிப் பிடிக்கும் துப்பறிவாளருக்கும், வழக்கு நடத்தும் வழக்கறிஞருக்கும் பணம் ஒதுக்காவிட்டால், அறிக்கை கோப்பில் உறங்கும். பெட்டி கிடங்கில் உறங்குவதற்கும் அறிக்கை கோப்பில் உறங்குவதற்கும் துன்பப்பட்டவருக்கு என்ன வேறுபாடு?

நம் நாட்டின் அமைப்பு சற்று வேறானது. இங்கே ஒரே வழக்கின் செலவு பல வீடுகளின் கணக்கில் எழுதப்படுகிறது. மருத்துவமனையில் மாதிரி எடுப்பது சுகாதார அமைச்சின் செலவு. பொருளைக் கைப்பற்றிக் காப்பது போலீசாரின் செலவு. சோதிப்பது ஜபாத்தான் கிமியாவின் செலவு. வழக்கை நடத்துவதும் விசாரிப்பதும் இன்னும் வேறு துறைகளின் செலவு. 2009-இல் டி.என்.ஏ. அடையாளச் சட்டம் இயற்றப்பட்டு, 2012-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மரபணுக் குறிப்புகளுக்கென ஒரு தரவு வங்கி அமைந்திருக்கிறது. சம்பவ இடத்துத் தடயம், சந்தேகத்துக்குரியோர், தண்டனை பெற்றோர், காணாமற்போனோர் என்று ஏழு வகையாக அதில் பதிவு செய்கிறார்கள். வழக்கிலிருந்து விடுதலையானவரின் குறிப்பை வங்கியிலிருந்து நீக்கவும் சட்டம் சொல்கிறது. சேர்ப்பதற்கு மட்டுமல்ல, நீக்குவதற்கும் ஆளும் நேரமும் வேண்டும்.

இப்படிப் பல வீடுகள் சேர்ந்து சமைக்கும்போது ஒரு வீட்டில் அரிசி குறைந்தாலும் சோறு வேகாது. போலீசாருக்குப் பணம் கூட்டி நிறையப் பொருள்களைக் கைப்பற்றச் செய்துவிட்டு, சோதனைக்கூடத்துக்கு ஆள் கூட்டாவிட்டால், வரிசைதான் நீளும். ஆகவே ஒரு துறைக்கு ஒதுக்கும்போது அடுத்த துறையையும் பார்த்து ஒதுக்க வேண்டும்.

நம் சோதனைக்கூடங்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. 2017 பிப்ரவரியில் நம் பக்கத்திலேயே, சிப்பாங்கில் உள்ள கே.எல்.ஐ.ஏ.2 விமான நிலையத்தில், வடகொரியத் தலைவரின் அண்ணன் முறையான கிம் ஜோங் நாம் கொல்லப்பட்டார். கொன்றது வி.எக்ஸ். என்ற கொடிய நச்சு என்பதை ஜபாத்தான் கிமியா கண்டறிந்தது. இறந்தவர் யார் என்பதை உறுதி செய்ய அவருடைய பிள்ளையின் மரபணு உதவியது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த வழக்கு அது. விரைந்து விடை வந்தது. யாரும் பார்க்காத ஒரு தோட்டத்துச் சிறுமியின் வழக்குக்கும் அதே கவனம் கிடைக்க வேண்டும். அதற்குக் கெட்டிக்காரர் சிலர் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு மாதமும் தவறாமல் வரும் பணமும் வேண்டும்.

இப்படிச் சொல்வதால் கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்ய வேண்டும் என்று பொருளன்று. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. ஒரு சம்பவ இடத்தில் 40 பொருள்கள் கிடைக்கலாம். அத்தனையையும் சோதிப்பது அறிவுடைமையாகாது. எது வழக்குக்கு விடை சொல்லும் என்று போலீசாரும் ஆய்வாளரும் கூடிப் பேசி, முக்கியமானதை முதலில் அனுப்ப வேண்டும். மேலும், மரபணு 'இது இவருடையது' என்று மட்டுமே சொல்லும்; 'எப்படி வந்தது, எப்போது வந்தது' என்று சொல்லாது. நேற்று விருந்துக்கு வந்தவரின் எச்சிலும் தேநீர்க் கோப்பையில் இருக்கும். ஆகவே மற்ற விசாரணைகளை விட்டுவிட்டு இதையே நம்பிப் பணத்தைக் கொட்டுவதும் தவறு. தேர்ந்து செய்வது சிக்கனம். கூரை ஒழுக விடுவது கஞ்சத்தனம். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடலாகாது.

நேயர்களே, இதில் நாம் செய்யக்கூடியது என்ன?

நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு துன்பம் நேர்ந்தால், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு சிலவற்றை நினைவில் வையுங்கள். குளிக்க வைக்காதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள். துணியை மாற்ற நேர்ந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். முடிந்த விரைவில், மூன்று நாள்களுக்குள்ளாவது, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நம் வட்டாரத்தில் செர்டாங், புத்ராஜெயா, பந்திங் மருத்துவமனைகள் உள்ளன. அவசரச் சிகிச்சைப் பிரிவில் இத்தகையோருக்கென ஒரே இடத்தில் மருத்துவமும் மற்ற உதவியும் கிடைக்க ஏற்பாடு உண்டு. அரசாங்கத்தின் தாலியான் காசே தொலைபேசி எண் 15999. புகாரின் எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் பின்னர், 'பொருள் சோதனைக்குப் போயிற்றா? என்றைக்குப் போயிற்று?' என்று மரியாதையாகவும் உறுதியாகவும் கேட்க முடியும்.

இரண்டாவதாக, குடிமக்கள் என்ற முறையில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. வரவு செலவுத் திட்டம் எழுதப்படும் நிதி அமைச்சு புத்ராஜெயாவில் இருக்கிறது. புத்ராஜெயா எழுந்த மண் எது? பெராங் புசார் முதலிய தோட்டங்கள் இருந்த மண். அங்கே மரம் சீவிய குடும்பங்களுள் பல பின்னர் டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் குடியேறின. நம்மவர் பால் எடுத்த நிலத்தில்தான் இன்று நாட்டின் கணக்கு எழுதப்படுகிறது. அந்தக் கணக்கைப் பற்றிக் கேட்க நாம் ஏன் கூச வேண்டும்? உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போகும்போது, சாலை விளக்கையும் கால்வாயையும் பற்றிக் கேட்பதோடு இதையும் கேளுங்கள். சோதனைக்கூடத்தில் எத்தனை வழக்குப் பொருள்கள் காத்திருக்கின்றன? ஓர் அறிக்கை வரச் சராசரி எத்தனை நாள் ஆகிறது? ஆய்வாளர் பதவிகளில் காலியாக இருப்பவை எத்தனை? இயந்திரம் வாங்கப் பணம் ஒதுக்கியவர்கள், அதை ஓட்டவும் ஒதுக்கினார்களா? இந்த நான்கு கேள்விகளைக் கேட்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒவ்வொரு தாயும் நாள்தோறும் போடும் கணக்குத்தான் இது.

அந்தத் தாயின் முதல் கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. துவைத்தது தப்பா? தப்பு அவருடையதன்று. அவருக்கு முன்கூட்டியே யாரும் சொல்லித் தரவில்லை. அழும் பிள்ளையைக் குளிப்பாட்டுவது தாயின் கை தானாகச் செய்யும் வேலை. துவைத்த துணியிலும் சில வேளைகளில் தடயம் எஞ்சியிருக்கும். ஆகவே அப்படி நேர்ந்துவிட்டாலும் துணியை எறிந்துவிடாமல் போலீசாரிடம் ஒப்படைத்து, நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று இதை அவரிடம் தெளிவாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. இன்று உங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டோம்.

துவைக்காமல் கொண்டுவந்து கொடுப்பது குடும்பத்தின் கடமை. கொடுத்ததை நனையாமல் காத்து, காலத்தில் சோதித்து, உண்மையைச் சொல்வது அரசாங்கத்தின் கடமை. நம் கடமையை நாம் செய்வோம். அரசாங்கத்தின் கடமைக்கு ஒவ்வோர் ஆண்டுக் கணக்கிலும் இடமிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்போம்.